ஏழாவது விதியும் என் மிதிவண்டித் தொப்பியும்

நான் பதுளையிலிருந்து திரும்பிய நாள் முதலாக, எங்கள் திருச்சி மிதிவண்டிக் கழகத்து அன்பர்களிடையே என் உச்சந்தலையைப் பற்றி மூன்று கதைகள் உலவுகின்றன. பந்தயத்தில் தோற்றவர்கள் என்னைக் கல்லால் அடித்தார்கள் என்பது ஒன்று. கதிர்காமத்து முருகனுக்கு ஏதோ வேண்டுதல் செலுத்தினேன் என்பது மற்றொன்று. மூன்றாவது கதையை எழுதுவது என் வயதுக்கும் படிப்புக்கும் தகாது. பிறர் என் தலையைப் பற்றி எழுதுவதைக் காட்டிலும் நானே எழுதிவிடுவது நன்று என்று தோன்றியதால் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தர்க்க சாஸ்திரம் போதித்தவன் நான். கழகத்தின் விதிகள் அனைத்தும் என் கையால் எழுதப்பட்டவை. ஒரு சொல் மிகாமல், ஒரு சொல் குறையாமல் எழுதுவேன் என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரோடுதான் கப்பலேறினேன்.

பயணத்துக்குக் காரணம் சலீம். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் மூன்றாண்டுகள் இருந்தவர். இப்போது பதுளைக் கடைவீதியில் துணிக்கடையும் இரும்புக்கடையும் வைத்திருக்கிறார். சித்திரைப் புத்தாண்டையொட்டி அங்கே ஆண்டுதோறும் சைக்கிள் ஓட்டப் பந்தயம் நடக்கும். இம்முறை அதைச் செம்மையாக நடத்த விரும்புவதாகவும், நான் தலைமை நடுவராக வரவேண்டும் என்றும், வரும்போது ‘உன்ட அந்தத் தொப்பி மாதிரி’ பதினெட்டுத் தொப்பிகள் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதியிருந்தார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் எளிதில் கிடைக்காத காலம் அது.

‘அந்தத் தொப்பி’யைப் பற்றிக் கழகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சில சொற்கள். எங்களுக்குப் பாடம் நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர், ஊர் திரும்பும்போது எனக்கு அளித்த மிதிவண்டித் தொப்பி அது. மெல்லிய பருத்தித் துணி. நெற்றியிலிருந்து பிடரிவரை நடுவில் ஒரு நீலப் பட்டை. முன்னால் மூன்று விரல் அகலத்தில் ஒரு சிறிய மடல். வெயிலிலும் மழையிலும் மடலைக் கீழே இறக்க வேண்டும். ஏற்றத்தில் மிதிக்கும்போது மேலே மடக்க வேண்டும், அப்போதுதான் பாதையும் வானமும் தெரியும். பட்டை மூக்குக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அது சினிமாக் கொட்டகை வாசலில் நிற்பவனின் தொப்பியாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மிதிவண்டியை விட்டு இறங்கியவுடன் தொப்பியும் தலையை விட்டு இறங்க வேண்டும். வீட்டுக்குள்ளும் உணவு வேளையிலும் அணிதல் ஆகாது. மழை மட்டுமே விலக்கு.

பெரியகடை வீதித் தையற்காரரைக் கொண்டு பதினெட்டும் தைத்தேன். தலைமன்னாரில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு என் தலையைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற கொழும்பு வியாபாரி ஒருவர் அதைத் தாமாகவே மொழிபெயர்த்தார்.

“ஒரு கிழவருக்குப் பத்தொன்பது தொப்பியாம். இராவணனுக்கே பத்துத் தலைதானே இருந்தது எண்டு கேக்கிறார், ஐயா.”

அதிகாரி ஒரு தொப்பியைத் தம் தலையில் வைத்து, கண்ணாடியில் பார்த்து, பட்டை கோணலாக இருப்பதை அறியாமல் மகிழ்ந்து, திருப்பித் தந்தார். நான் பட்டையை நேராக்கிப் பெட்டியில் வைத்தேன்.

புதன்கிழமை பிற்பகல் பெரகலச் சந்தியில் பஸ் மாறினேன். மேகம் கடைகளுக்குள் புகுந்து மேசைகளில் உட்கார்ந்திருந்தது. தேநீர்க்கடையில் காப்பி கேட்டேன். கொத்தமல்லி வறுத்துப் போட்ட கஷாயம் வந்தது. சரி, ஊர் வழக்கப்படியே ஆகட்டும் என்று தேநீர் கேட்டேன். பாலில்லாத சாயத்தேநீரும், உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியும் தந்தார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டுமாம். நான் கருப்பட்டியைத் தேநீருக்குள் போட்டேன். கடைக்காரர் என்னை இரக்கத்துடன் பார்த்தார்.

“நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போயிருதுங்க. எங்களுக்குக் கூட்டி அள்ளுனதுதான். அதையும் கரைச்சுட்டீங்களே,” என்றார்.

சாரல் தொடங்கியது. மழை விலக்கின்படி தொப்பியை அணிந்து பஸ்ஸில் ஏறினேன். சன்னல் கண்ணாடி பாதிதான் மூடும் என்பதால் உள்ளேயும் மழைதான். அப்புத்தளை தாண்டியதும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, ஒரு கையில் மூட்டையும் மறு கையில் கூடையுமாக ஏறினார். ஆண்கள் பலர் அமர்ந்திருந்தனர், ஒருவரும் அசையவில்லை. எனக்கோ கல்லூரியில் கற்ற பழக்கம். எழுந்தேன். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தேன். “அமருங்கள், அம்மா,” என்றேன்.

அப்போது பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. நான் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சாமான் வைக்கும் இரும்புத் தட்டு அதைவிட நான்கு அங்குலம் குறைவு. தொப்பி அணிந்திருந்தால் ஓரளவாவது காப்பாற்றியிருக்கும். மரியாதைக்காகக் கழற்றிய தலையில் அடி நேராக இறங்கியது.

“ஐயோ சாமி!” என்றார் அந்தப் பெண்மணி. “எடம் குடுக்கிறேன்னு மண்டையக் குடுத்துட்டீங்களே! ஒக்காந்தவரு ஒக்காந்தே இருக்கப்படாதா?”

என்னைத் தோளைப் பிடித்து என் இடத்திலேயே மீண்டும் உட்கார வைத்தார்கள். நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. என் உச்சியில் மறைப்பதற்கு முடி ஏதும் இல்லை. கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, தட்டுக்கு ஏதும் சேதமில்லை என்று சிங்களத்தில் டிரைவருக்கு அறிவித்தார். பஸ் சிரித்ததிலிருந்து எனக்கும் புரிந்தது. அந்தப் பெண்மணி வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பையும், கூடையிலிருந்து மஞ்சள்தூள் பொட்டலத்தையும் எடுத்து உள்ளங்கையில் குழைத்தார்.

“அம்மா, வேண்டாம். தானாகவே ஆறிவிடும்,” என்றேன்.

“அசையாதீங்க. கண்ணுல வழியப் போவுது.”

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்திச் சிவப்பு என்பது அனைவரும் அறிந்ததே. அது என் உச்சந்தலையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது.

“மாப்பிள்ளை தயார்!” என்று பின் இருக்கையில் யாரோ சொன்னார்கள்.

“போடா அங்கிட்டு! எனக்கு எந்திரிச்சு எடம் குடுத்த ஒரே மனுசன் இவருதான். நீ கல்லு மாதிரிதானே குந்தியிருந்த?” என்று அவர் திருப்பி அடித்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் பேசினார். தங்கையைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறாராம். கணவர் அங்கே தபால்காரர்; தோட்டத்துச் சைக்கிளில் தினமும் தபாலாபீசுக்குப் போய் வருகிறவர். “சனிக்கெழம பதுளையில பந்தயமாம். ஓடப்போறேன்னு நிக்கிறாரு. மொதப் பரிசு புது சைக்கிளாம். சொந்தமா ஒரு சைக்கிள் இருந்தா நல்லதுதான். ஆனா அவரு எங்கங்க செயிக்கிறது? பதினாறு வருசமா தொரையக் கண்டா எறங்கணும், சின்னத் தொரையக் கண்டா எறங்கணும், கிளாக்கரய்யாவக் கண்டா எறங்கணும். எறங்கி, தலையில கெடக்கிற துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கணும். ஓட்டுனத விட எறங்குனதுதான் சாஸ்தி!”

அந்தப் பந்தயத்தின் தலைமை நடுவர் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். காதோரம் ஒரு சிவப்புத் துளி வழிந்தது. சொல்லாமல் விட்டேன். அவர் ஹாலி-எலைக்கு முன்னால் ஒரு தோட்டப் பாதையில் இறங்கிக்கொண்டார்.

பதுளை பஸ் நிலையத்தில் சலீம் காத்திருந்தார். சுற்றிலும் கடைக்காரர்கள், என்னைக் காட்டுவதற்காக அழைத்து வரப்பட்டவர்கள். “மச்சான்!” என்று வீதி முழுவதும் கேட்கக் கூவினார். அறுபத்திரண்டு வயதில் பொதுவிடத்தில் என்னை அவ்வாறு அழைப்பதை நான் விரும்புவதில்லை. ஆயினும் அப்போது என் கவலை வேறு. மழை நின்றுவிட்டிருந்தது. விதிப்படி தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை.

அவர் வீட்டில் குளியலறைக்குள் சென்று முதல் வேலையாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சிவப்பு இன்னும் சிவந்தது. மறுபடி தேய்த்தேன். மாதுளம்பூவாயிற்று. வேறு வழியின்றித் தொப்பியோடு உணவுக்கு வந்தேன். எனக்காகப் புதுப் பானை வாங்கி, இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பச்சைச் சம்பலும் செய்திருந்தார் சலீமின் மனைவி. திருச்சியில் இடியப்பத்துக்குச் சர்க்கரை போடுகிறோம். இங்கே காரத்தைப் போட்டுக் கண்ணீரோடு உண்கிறார்கள், அதுவே மேல் என்று ஒப்புக்கொள்ளுகிறேன்.

“என்ன மச்சான், தொப்பியோட சாப்பிடுற? ஹாஸ்டல்ல நான் உன்ட தொப்பிய சாப்பாட்டு மேசைல வச்சதுக்கே ஒரு கிழமை பேசாம இருந்த நீ?” என்றார் சலீம்.

நான் விடை தேடுவதற்குள் அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். “சும்மா இரிங்க நீங்க. எங்கட வீட்டு வழக்கத்துக்கு மரியாத செஞ்சு தலைய மூடி சாப்பிடுறார். நீங்கதான் தொப்பிய மறந்துட்டு வந்து குந்தியிருக்கீங்க.”

சலீம் தம் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, எழுந்து போய்த் தம் வெள்ளைத் தொப்பியை அணிந்துகொண்டு வந்தார். எனக்குக் கூடுதலாக ஒரு துண்டு வட்டிலப்பம் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு கிடைத்தது. செய்யாத மரியாதைக்குக் கிடைத்த வட்டிலப்பம் தொண்டையில் சற்றே நின்றுதான் இறங்கியது.

வியாழக்கிழமை வீட்டுக்குள் அடைந்து கிடந்து பந்தய விதிகளை எழுதினேன். எட்டு விதிகள். ஏழாவதை எழுதியபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. அதை இங்கே அப்படியே தருகிறேன்: ‘மரியாதைக்குரியோர் எதிர்ப்படின், போட்டியாளர் தொப்பியை நீக்கி வணக்கம் தெரிவித்தல் வேண்டும். தவறுவோர் தகுதி இழப்பர்.’ தொடக்க விழாவையும் பரிசளிப்பு மேடையையும் எண்ணித்தான் எழுதினேன். ‘பாதையில் அன்று’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. சலீம் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கடைவீதி முழுவதும் ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சலீமின் கிடங்கில் தொப்பிகள் வழங்கினேன். கராஜ் வேலைக்காரர், பேக்கரி வேலைக்காரர், பஸ்ஸறை என்ற ஊரிலிருந்து இரண்டு சிங்கள இளைஞர், தோட்டங்களிலிருந்து ஆறேழு பேர் என்று பதினெட்டுப் பேரும் வந்தனர். மடலை எப்போது இறக்குவது, எப்போது உயர்த்துவது என்று செய்து காட்டினேன். பேக்கரி வேலைக்காரர், “கோழி கொண்டைய தூக்கிற மாதிரிங்க,” என்றார். நான் ஏற்கவில்லை; ஆனால் எல்லோரும் உடனே புரிந்துகொண்டனர்.

அனைவரும் போனபின் ஒருவர் மட்டும் நின்றார். மெலிந்த உடல், நரை கண்ட மீசை. தொப்பியை இரண்டு கைகளாலும் நெஞ்சருகே பிடித்திருந்தார்.

“பேரு முத்துவேலுங்க. தோட்டத்துத் தபால்காரன். ஒரு சந்தேகங்க. ஏழாவது விதியில தொப்பிய எடுக்கணும்னு போட்டிருக்கு. எறங்கித்தானே எடுக்கணும்?”

பஸ்ஸில் கேட்ட கதை நினைவுக்கு வந்தது. இவர்தான் அந்தக் கணவர். என் தலை குறுகுறுத்தது.

“இறங்குவதா? அது நாகரிகமன்று,” என்றேன். “மிதிவண்டியில் செல்பவன் ஒரு விரலால் மடலின் நுனியைத் தொட்டால் போதும். அதுவே முழு மரியாதை. பிரான்சு தேசத்தில் அப்படித்தான்.”

“தொரையக் கண்டாலுமாங்க?”

“யாரைக் கண்டாலும்.”

அவர் ஒரு விரலை நெற்றிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “இம்புட்டுத்தானா?” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “எங்க பாட்டன் மணப்பாறப் பக்கம்ங்க. ஒங்க ஊர்ல ரோடு மட்டமா இருக்குமாமே, சைக்கிள் தானா ஓடுமாமே?” என்று கேட்டார்.

“காற்றுக்கு எதிரே மிதிப்பது எளிதன்று,” என்றேன் சற்று விறைப்பாக.

“சரிங்க, காத்துன்னா கஸ்டந்தான்,” என்று என்னை ஆறுதல்படுத்திவிட்டுப் போனார்.

அச்சில் இருப்பது ஒன்று, வாயால் சொன்னது மற்றொன்று என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முப்பது ஆண்டுகள் தர்க்கம் போதித்தவன்.

சனிக்கிழமை காலை பந்தயம் தொடங்கியது. பதுளையிலிருந்து ஹாலி-எலை வழியாக ஏறி, தோட்டத்துப் பாதையில் நுழைந்து, தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டு மீண்டும் பதுளைக்கு. நானும் சலீமும் அவருடைய பழைய ஆஸ்டின் காரில் முன்னே சென்றோம். தோட்டத்து ஏற்றத்தில் கார் கொதித்தது. தொழிற்சாலை வளைவில் வந்து நின்றே விட்டது. அருகில் தண்ணீர் இல்லை. எனக்கென்று பிளாஸ்கில் கொடுத்தனுப்பிய சாயத்தேநீரை ரேடியேட்டருக்குள் ஊற்றினார் சலீம்.

“சீனி போட்டதா?” என்றேன்.

“ஏன், காருக்கு ஆகாதா?” என்றார்.

அந்த வளைவில் தோட்டத்துத் துரை நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரத் துரையல்லர், கண்டிப் பக்கத்து இளைஞர். அரைக்கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, தலையில் அகன்ற தொப்பி, காலடியில் ஒரு நாய். பாதையோரத் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தனர். துரைக்குப் பின்னால் பெரிய கிளாக்கர், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

முதலில் வந்தவர் பேக்கரி வேலைக்காரர். மடல் உயர்ந்திருந்தது, பட்டை நேராக இருந்தது. எனக்குப் பெருமிதமாக இருந்தது. துரை உற்சாகமாகக் கையை உயர்த்தினார்.

பேக்கரி வேலைக்காரர் பிரேக் பிடித்தார். குதித்து இறங்கினார். சைக்கிளை ஓரமாகச் சாய்த்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, தலை குனிந்து நின்றார். இரண்டாவதாக வந்த கராஜ்காரர் அதைப் பார்த்தார். சுவரொட்டி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவரும் இறங்கினார். மூன்றாவதாக வந்தவர், ஏன் என்று கேளாமலே இறங்கினார். மூன்று சைக்கிள்களின் சக்கரங்கள் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தன. தோட்டங்களில் காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பிரட்டில் நிறுத்தியதுபோல் மூவரும் வரிசையில் நின்றனர். துரை ஒன்றும் விளங்காமல் உயர்த்திய கையோடு நின்றார்.

“மச்சான், இதென்ன, ஒன்ட விதியா?” என்றார் சலீம்.

நான் சட்டைப்பையிலிருந்த விதித்தாளை எடுத்து ஏழாவதை மறுபடி வாசித்தேன்.

நான்காவதாக முத்துவேலு வந்தார். துரையைக் கண்டதும் அவருடைய வலக்கால் மிதியை விட்டு எழுந்தது. பதினாறு ஆண்டுப் பழக்கம். உடம்பு பாதி சாய்ந்துவிட்டது. பெரிய கிளாக்கர் தலையை அசைத்தார், இறங்கு என்பதுபோல். கால் ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு மிதிக்குத் திரும்பியது. ஒரு விரல் எழுந்து மடலின் நுனியைத் தொட்டது. முத்துவேலு போய்விட்டார்.

சரிவில் கொழுந்துப் பெண்களிடையே ஒரு குலவை எழுந்தது. அடுத்து இன்னொன்று. துரை திடுக்கிட்டு, நின்ற மூவரையும் பார்த்துச் சிங்களத்தில் கத்தினார். ‘ஏன் நிற்கிறீர்கள், போங்கள், போங்கள்!’ என்பதே அதன் பொருளாம். அதையும் கட்டளையாக ஏற்று மூவரும் வணங்கிவிட்டு ஏறினர். அதற்குள் தபால்காரர் இரண்டு வளைவுகள் தாண்டியிருந்தார். கடைசிவரை அவரை எவராலும் எட்ட முடியவில்லை.

மாலையில் பதுளை மைதானத்தில் பரிசளிப்பு. மேடையில் துரை சிறப்பு விருந்தினர். புதுச் சைக்கிள் மாலையோடு நின்றது. நான் பெயரை வாசிக்க எழுந்தபோது பெரிய கிளாக்கர் மேடையருகே வந்தார். கையில் என் சுவரொட்டி.

“நடுவரய்யாவுக்கு ஒரு வார்த்த. ஏழாவது விதி. ‘தொப்பியை நீக்கி’ன்னு அச்சுல போட்டிருக்கு. இவன் நீக்குனானா? எங்க தொரை முன்னால தொப்பியோட போனான். மத்த மூணு பேரும் விதிப்படி நடந்தாங்க. தகுதி இழப்பர்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?” என்றவர் முத்துவேலுவிடம் திரும்பினார். “ஏன்டா, எறங்காமப் போகச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னது? திங்கக்கெழம பெரட்டுல நீ எனக்குப் பதில் சொல்லணும். தோட்டத்துச் சைக்கிளையும் கொண்டாந்து விட்டுரு.”

முத்துவேலு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். “யாரும் சொல்லலீங்க,” என்றார்.

அன்பர்களே, அந்தக் கணத்தில் நான் தப்பியிருக்கலாம். அச்சில் உள்ள விதியை உரக்க வாசித்து, இவர் தகுதி இழந்தார் என்று தீர்ப்பளித்தால் என் எழுத்துக்குப் பழுதில்லை. எங்கள் இருவர் பேச்சுக்கும் சாட்சியில்லை. சலீம் என் காதருகே, “விதியப் புடிச்சிக்கோ மச்சான், ஒன்ட பேர் கெடாது,” என்றார்.

என் பெயரை ஒரு தபால்காரர் தம் சைக்கிளைக் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதை நான் எப்படி ஏற்பது?

“நான் சொன்னேன்,” என்றேன். ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. “இறங்க வேண்டியதில்லை, விரலால் தொட்டால் போதும் என்று இவருக்குச் சொன்னவன் நான். சொன்னது சரி. எழுதியதுதான் பிழை. அந்தப் பிழையும் என்னுடையதே. மற்ற மூவரையும் இறங்கச் சொல்லி எந்த விதியும் சொல்லவில்லை. அது அவர்கள் கால்கள் தாமாகச் செய்தது. முதற்பரிசு முத்துவேலுக்கே.”

கூட்டம் ஆரவாரித்தது. பேக்கரி வேலைக்காரர், “கால்தாங்க, கால்தான்! நான் எறங்கல, அது எறங்கிருச்சு!” என்று கத்தினார். ஆனால் பெரிய கிளாக்கர் படித்தவர்; விடவில்லை.

“நல்லதுங்க. சைக்கிள்ல போறவனுக்கு விரல். அப்ப தரையில நிக்கிறவருக்கு என்னா மரியாத? தொரை வந்து ஒக்காந்து ஒரு மணி நேரமாச்சு. நீங்க இன்னும் தொப்பியோடதானே நிக்கிறீங்க? நீங்களே செய்யாதத நீங்க சரின்னு சொன்னா, நாங்க எப்பிடிங்க நம்புறது?”

கேள்வி தர்க்கப்படி குற்றமற்றது. தரையில் நிற்பவன் தொப்பியை முழுவதுமாகக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேருக்கும் நானே சொல்லியிருக்கிறேன். கழற்றாவிட்டால் என் சொல்லுக்கு மதிப்பில்லை. என் சொல்லுக்கு மதிப்பில்லையென்றால் முத்துவேலுக்குச் சைக்கிளும் இல்லை, திங்கட்கிழமை வேலையும் இல்லை. புதன் முதல் சனி வரை உணவிலும் உறக்கத்திலும் நான் காத்துவந்த ஒன்றே ஒன்று அந்தத் தொப்பிக்குள் இருந்தது.

கழற்றினேன். மார்பில் வைத்தேன். வணங்கினேன். வணங்கும்போது உச்சந்தலை கூட்டத்துக்கு நேராக வரும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

சிரிப்பு மைதானத்தின் ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குச் சென்று திரும்பி வந்தது. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல்.

“அய்யய்யோ, இது நம்ம பஸ்ஸு ஐயா! ஏங்க, எனக்கு எடம் குடுத்து மண்டையில அடிபட்டாரே, அவருங்க!” முத்துவேலுவின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். “இன்னுமா போகல? சோப்புப் போட்டீங்களா? சோப்புப் போட்டா இன்னும் செவக்கும் சாமி. புளி வச்சுத் தேய்க்கணும், புளி! வீக்கம் வத்திருச்சு பாருங்க.”

சலீம் என்னையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப வீட்டுல நீ செஞ்ச மரியாத?” என்றார்.

“வட்டிலப்பத்தைத் திருப்பித் தர இயலாது,” என்றேன்.

துரை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து, தம் அகன்ற தொப்பியைக் கழற்றினார். எனக்கா, சைக்கிளுக்கா, முத்துவேலுக்கா என்று சொல்ல முடியாதபடி மூவருக்கும் பொதுவாக. அரைகுறைத் தமிழில், “நான் கை தூக்கினது போறதுக்கு. நிக்கிறதுக்கு இல்ல,” என்றார். பெரிய கிளாக்கர் சுவரொட்டியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமைப் பிரட்டைப் பற்றி மேடையில் எவரும் பேசவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டேயிருந்தது. மேடையில் சிரிப்பது வேறு. தோட்டத்துப் பாதையில் எதிர்ப்படுவது வேறு.

ஞாயிற்றுக்கிழமை புளியோடு கழிந்தது. முக்கால்வாசி போயிற்று.

திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன். சலீமின் மனைவி இலையில் கட்டிய ரொட்டியும், சம்பலும், ‘தலைக்கு’ என்று தனியாக ஒரு புளி உருண்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். மழையில்லை. ஆயினும் தொப்பியைக் கழற்றவில்லை.

ஹாலி-எலை தாண்டி அந்தத் தோட்டப் பாதைச் சந்திக்கு முன்னால், மாடுகள் குறுக்கிட்டதால் பஸ் நின்றது. சன்னல் வழியே பார்த்தேன். மேலிருந்து முத்துவேலு வந்துகொண்டிருந்தார். புதுச் சைக்கிள், கைப்பிடியில் மாலையின் நார் இன்னும் தொங்கியது. தோளில் தபால் பை. தொப்பியின் மடல் வெயிலுக்காக இறங்கியிருந்தது, பட்டை மூக்குக்கு நேரே. ஆக, வேலை போகவில்லை. எதிரே, சந்தியிலிருந்து துரையின் ஜீப் ஏறியது. பின்னிருக்கையில் பெரிய கிளாக்கர்.

இருவருக்கும் இடையே நூறு கெஜம் இருக்கும். முத்துவேலுவின் வலக்கால் மிதியை விட்டு எழுந்ததைக் கண்டேன். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கால் மிதிக்குத் திரும்பியது. விரல் எழுந்தது.

ஜீப் ஒரு சிறு ஒலி எழுப்பிவிட்டு அவரைக் கடந்து சென்றது. பெரிய கிளாக்கர் மறுபக்கத்துத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை அறியாமல் நான் பாதி எழுந்துவிட்டேன். கை தொப்பியைக் கழற்றப் போய்விட்டது. மாடுகள் விலகி, பஸ் குலுங்கிப் புறப்பட்டது.

“ஐயா, உக்காருங்க! வளைவு வருது!” என்றார் கண்டக்டர், தமிழிலேயே. அதே கண்டக்டர்.

உட்கார்ந்தேன். பஸ் முத்துவேலுவைக் கடந்தபோது அவர் என்னைக் கண்டுகொண்டார். மீண்டும் ஒரு விரல். நானும், பஸ்ஸில் அமர்ந்தபடியே, தொப்பியைக் கழற்றாமலே, ஒரு விரலால் மடலின் நுனியைத் தொட்டேன்.